மழை விட்டாச்சு, வண்டி இறங்கல: விருதுநகர் கரிசல் காட்டில் தாமதமாகும் அறுவடைக்கு யார் கணக்கு வைப்பது?

மக்காச்சோளம் முத்திவிட்டது. மட்டை வெளுத்து, கதிர் தலை சாய்ந்து நிற்கிறது. அறுவடை வண்டிக்குச் சொல்லி, முன்பணமும் கொடுத்தாச்சு. அன்றைக்கு ராத்திரி மழை பிடிக்கிறது. மறுநாள் வெயில் வந்தாலும் வண்டிக்காரர் வயலைப் பார்த்துவிட்டு, "மண்ணு காயட்டும்ணே, நாலு நாள் கழிச்சு வாரேன்" என்று அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார். அந்த நாலு நாள் எட்டு நாளாகிறது. எட்டாவது நாள் வந்த வண்டி, அரை ஏக்கர் அறுத்ததும் பெல்ட் அறுந்து நிற்கிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் யாரைக் கேட்டாலும் இந்தக் கதைக்கு ஒரு உதாரணம் சொல்வார்கள். வெள்ளம் வந்து பயிர் மூழ்கினால் டிவியில் வரும். அதிகாரிகள் வருவார்கள், கணக்கெடுப்பு நடக்கும். ஆனால் பயிர் மூழ்காமல், வெறுமனே அறுவடை தள்ளிப்போய் ஏற்படுகிற நஷ்டம் இருக்கிறதே, அது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. விருதுநகர் மாவட்டத்தில் இது ஏன் பெரிய பிரச்சினை, அரசுத் திட்டங்களில் இதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது, விவசாயி என்ன செய்ய முடியும்? கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

வறண்ட மாவட்டத்தில் மழை எப்படிப் பிரச்சினை ஆகுது?

விருதுநகர் என்றாலே வறட்சி என்றுதான் நமக்குப் பழக்கம். மாநில சராசரியைவிட மழை குறைவு. அந்த மழையிலும் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. மேற்கே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தண்ணீரும் கண்மாய்களும் இருப்பதால் நெல் உண்டு. கிழக்கே போகப் போக வானம் பார்த்த பூமி. மக்காச்சோளம், பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, சோளம், கம்பு, மிளகாய், மல்லி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, தை, மாசியில் வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் இங்கே கணக்கு.

இந்தக் கணக்கில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. தை பிறந்தால் மழை நிற்கும், வெயில் ஏறும், கதிர் செடியிலேயே காயும், களத்தில் போட்டால் ரெண்டு மூணு நாளில் வியாபாரிக்கு அளக்கலாம் என்ற நம்பிக்கை. உலர்த்தும் இயந்திரம், கொட்டகை எதுவும் இல்லாமல் இத்தனை காலம் ஓடியதற்குக் காரணம் அந்தத் தை மாத வெயில்தான். செலவில்லாத டிரையர்.

அது சில வருடங்கள் ஏமாற்றிவிடுகிறது. 2021 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்கப் பருவம் தப்பி மழை கொட்டியது. ஜனவரி என்றால் மாநிலத்தில் சாதாரணமாக ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் பெய்யும். அந்த வருடம் அதைவிடப் பல மடங்கு பெய்தது. அறுவடைக்கு நின்ற பயிர் எல்லாம் அடிபட்டது. மாநிலம் முழுவதும் 11 லட்சத்துக்கும் அதிகமான விவசாயிகளுக்கு ரூ.1,116 கோடி இடுபொருள் நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. அடுத்து 2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்த அந்த மழைதான். வெள்ளத்தின் கோர முகம் தூத்துக்குடி, திருநெல்வேலியில் தெரிந்தது. அதற்கு வடக்கே ஒட்டி இருக்கும் விருதுநகர் கரிசலில் ஈரமாக, சேறாக, இறங்க முடியாத வயலாக அந்த மழை தங்கியது. மழை ஒருநாள் விஷயம், கரிசல் மண்ணுக்கு அது பல நாள் விஷயம்.

மண்ணே வண்டியைப் பிடிச்சு வைக்குமா?

பிடிக்கும். கரிசல் மண்ணில் களிமண் பங்கு ரொம்ப அதிகம். தண்ணீர் பட்டால் ஊதும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். தண்ணீரை நீண்ட நாள் பிடித்து வைக்கும் இந்தக் குணத்தால்தான் ரெண்டு மூணு நல்ல மழையிலேயே மானாவாரிப் பயிர் விளைகிறது. அறுவடை நேரத்தில் அதே குணம் எதிரியாகிவிடுகிறது. செம்மண் காட்டில் மழை விட்ட மறுநாள் டிராக்டர் இறங்கலாம். கரிசலில் மேலே காய்ந்த மாதிரி தெரியும், காலை வைத்தால் உள்ளே பிசுபிசுன்னு இழுக்கும்.

டயரில் ஒட்டுகிற கரிசல் லேசில் உதிராது. பட்டைகளுக்கு நடுவே மண் அடைத்துக்கொண்டு டயர் வழவழப்பான உருளை மாதிரி ஆகிவிடும். அப்புறம் பிடிமானம் ஏது? சக்கரம் சுற்றும், வண்டி நகராது. நின்ற இடத்திலேயே குழி தோண்டிக்கொள்ளும். டிரைவர் பதறிப்போய் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாகப் போகும். இன்னொரு டிராக்டரைக் கொண்டுவந்து சங்கிலி போட்டு இழுப்பார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: முறுக்கேறி அறுந்த சங்கிலி மனுஷன் உயிரை எடுக்கும். இழுக்கும்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கவே கூடாது.

டயர் வண்டிக்குப் பதில் பெல்ட் வண்டி கொண்டுவரலாமே என்று கேட்கலாம். உண்மைதான், பெல்ட் வண்டி எடையைப் பரப்பி வைப்பதால் ஈர நிலத்தில் புதையாமல் நகரும். நெல் வயலில் அதனால்தான் அதற்குக் கிராக்கி. ஆனால் வாடகை அதிகம். மழை சமயத்தில் எல்லா ஊரும் ஒரே வண்டியைத் தேடும்போது இன்னும் ஏறும். களிமண் பெல்ட்டுக்கும் உருளைகளுக்கும் நடுவே புகுந்து இறுகினால், அந்த வண்டியும் படுத்துவிடும். சாயங்காலம் மண்ணைச் சுரண்டாமல் விட்டால் ராத்திரியில் காய்ந்து கல்லாகி, காலையில் உருளை சுற்றாது.

மழைக்கால ரிப்பேர் எல்லாம் எங்கிருந்து வருது?

மெக்கானிக்குகளிடம் கேட்டால் மழைக்காலப் பழுதுகளில் முக்கால்வாசி ஒரே குடும்பம்: தண்ணீர், சேறு, ஈரத் தட்டை.

ஈரமான தட்டையும் மட்டையும் முறியாது, நாராகக் கிழியும். கிழிந்த நார் உருளையில் சுற்றிக்கொள்ளும். சல்லடை அடைக்கும். சல்லடை அடைத்தால் தானியம் தட்டையோடு வெளியே கொட்டும். அதாவது மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், நம்ம மகசூல் பின்பக்கம் போய்க்கொண்டிருக்கும். யாராவது ஒருத்தர் பின்னால் நடந்து விழுகிற சக்கையைக் கையில் அள்ளிப் பார்க்க வேண்டும். இதைச் செய்கிறவர்கள் குறைவு. செய்கிறவர்கள் அன்றைக்கே சில மூட்டை காப்பாற்றிவிடுகிறார்கள்.

கதிரடிக்கும் மெஷினில் பெல்ட் நனைந்தால் வழுக்கும், சூடாகும், அறுந்துபோகும். ஈரக் கதிரில் மணி உதிராமல் நசுங்கும். நசுங்கிய மணி சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பேரிங்கில் இருக்கும் கிரீஸைச் சேற்றுத்தண்ணீர் அரித்துவிடும். மழைக்காலத்தில் கிரீஸ் அடிக்கும் இடைவெளியைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான். டீசல் டேங்கில் தண்ணீர் இறங்கினால் பம்பும் இன்ஜெக்டரும் கெடும், செலவு ஆயிரக்கணக்கில் போகும். ஆனால் ஃபில்டருக்கு அடியில் இருக்கும் வடிகால் திருகைக் காலையில் ஒரு தடவை திறந்து தண்ணீரை வடித்துவிட ரெண்டு நிமிஷம் போதும்.

கிணற்று மோட்டார் நனைந்திருந்தால் சுவிட்சைப் போட்டே பார்க்காதீங்க. சுருள் காய்ந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் சோதித்த பிறகுதான் ஓட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் பெட்டியை ஈரக் கையோடு தொட்டு இறந்தவர்கள் இந்த மாநிலத்தில் ஒவ்வொரு மழைக்கும் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஓடுகிற கதிரடிக்கும் மெஷின் அடைத்துக்கொண்டால், அதை நிறுத்தாமலே கையை விட்டு இழுக்கும் பழக்கம் இருக்கிறது. மழை இருட்டிக்கொண்டு வரும்போது அவசரம் இரட்டிப்பாகும், விபத்தும் அப்போதுதான் நடக்கும். டிராக்டரில் இருந்து மெஷினுக்குச் சுற்றும் தண்டுக்கு மேல்மூடி இல்லாத வண்டிகள் ஏராளம். தோளில் துண்டு, முந்தானை, தளர்ந்த கைலி எது சிக்கினாலும் ஆளையே இழுத்துவிடும்.

மெஷின் இல்லாட்டி ஆளை விட்டு அறுக்கக் கூடாதா?

விருதுநகர் மாவட்டத்தின் தனிக்கதை இங்கேதான் வருகிறது.

1920-களில் கல்கத்தா வரை போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அதைத் தொடங்கியபோது, இந்த ஊரின் வறண்ட காற்றே மூலதனமாக அமைந்தது. தீக்குச்சியும் பட்டாசும் காய்வதற்கு வெயில் வேண்டும், ஈரமில்லாத காற்று வேண்டும். மழை பொய்த்த கிராமங்களில் கூலிக்கு ஆளும் கிடைத்தது. இன்றைக்கு நாட்டின் பட்டாசில் 90 சதவீதம் அளவுக்கு சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரத்தில் இருந்து போகிறது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம், அந்தப் பக்கம் ராஜபாளையத்தில் நூற்பாலை. வேன் ஊருக்குள் வந்து ஆட்களை ஏற்றிப்போகிறது. வாரச் சம்பளம், முன்பணம், தீபாவளி போனஸ் எல்லாம் அங்கே உண்டு. களையெடுப்பு, கதிர் ஒடிப்பு வேலைக்கு அந்த உறுதி கிடையாது. யாரைக் குற்றம் சொல்ல முடியும்?

ஆள் போனதால் மெஷின் வந்தது. பருத்தியில் பஞ்செடுக்க, மிளகாய்ப் பழம் பறிக்க இன்றும் கைதான் வேண்டும். மக்காச்சோளம் இந்த வட்டாரத்தில் இவ்வளவு பரவியதற்கு, கைவேலை குறைவு என்பதும் ஒரு காரணம். விதைப்பு டிராக்டரில், களைக்கு மருந்து, அறுவடைக்கு வண்டி. நல்ல வருடத்தில் இது பிரமாதமான ஏற்பாடு. மழை வருடத்தில்தான் அதன் ஓட்டை தெரிகிறது: மெஷின் நின்றால் பதிலுக்கு இறங்க ஊரில் ஆள் இல்லை.

இதில் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. மழை நாளில் பட்டாசு ஆலையிலும் வேலை நிற்கும். இடி மின்னல் ஆபத்து ஒருபக்கம். ஈரம் பட்ட அலுமினியப் பவுடர் கலவை தானாகச் சூடேறும் அபாயம் இன்னொரு பக்கம். உலர்மேடையில் சரக்கைப் போட முடியாது. ஆகவே மழை நாளில் ஆட்கள் ஊரில்தான் இருப்பார்கள். ஆனால் அன்றைக்கு வயலில் இறங்க முடியாது. மண் காய்ந்து வயல் திறக்கும் நாளில், ஆலையும் திறந்துவிடும். தேங்கிப்போன வேலைக்கு ஆலையும் அதே ஆளைக் கூப்பிடும். பட்டாசுக்கும் மக்காச்சோளத்துக்கும் வேண்டியது ஒரே வெயில், ஒரே ஆட்கள், ஒரே நாள். போட்டியில் விவசாயி தோற்பது கூலி குறைவு என்பதால் மட்டும் இல்லை. அவருக்கு அந்த ஆட்கள் வருடத்தில் பத்து நாள்தான் தேவை, ஆலைக்கு வருடம் பூராவும் தேவை.

நாலு நாள் தள்ளிப்போனா என்ன ஆயிடும்?

காசுக் கணக்கைப் பார்ப்போம். 20 சதவீத ஈரம் உள்ள 100 கிலோ மக்காச்சோளத்தை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் எடை சுமார் 93 கிலோதான் நிற்கும். 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.2,400. அந்த விலையே கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட, ஈரத்துக்கு மட்டும் குவிண்டாலுக்கு 168 ரூபாய் போகிறது. ஈரம் 25 சதவீதம் என்றால் நிற்பது 87 கிலோ.

இது நியாயமான எடைக்கழிவு. பிரச்சினை அதற்கு மேலே. ஈரச் சரக்கை வாங்கும் வியாபாரி காயவைக்கும் கூலி, கெட்டுப்போகும் அபாயம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் விலை சொல்வார். மழை சமயத்தில் சந்தைக்கு வருவதெல்லாம் ஈரச் சரக்கு என்பதால் பேரம் பேச விவசாயிக்கு இடமில்லை. நெல்லுக்கு இருப்பதுபோல மக்காச்சோளத்துக்கு ஊருக்கு ஊர் நேரடி கொள்முதல் நிலையம் கிடையாது. நெல்லுக்குக்கூட 17 சதவீத ஈரம் என்ற வரம்பு இருக்கிறது. மழை வருடங்களில் மத்திய அரசிடம் கேட்டுத் தளர்வு வாங்க வேண்டியிருக்கிறது. மக்காச்சோளத்துக்கு யாரிடம் போய்த் தளர்வு கேட்பது?

இன்னும் தள்ளிப்போனால் கதிரிலேயே முளை விடும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் ஒருவகைப் பூஞ்சை பிடித்து அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உருவாக்கும். நம்ம பக்கத்து மக்காச்சோளத்தின் பெரிய வாடிக்கையாளர் நாமக்கல், பல்லடம், உடுமலை பக்கத்துக் கோழித் தீவன ஆலைகள். கோழிக்கு அந்த நஞ்சு ஆகவே ஆகாது. ஆகவே ஆலைகள் சோதித்து, கறுத்த மணி இருந்தால் கழிக்கின்றன அல்லது லோடையே திருப்பி அனுப்புகின்றன. திரும்பி வரும் லாரி வாடகையும் யாரோ ஒருவர் தலையில்தான் விழும். பெரும்பாலும் அது விவசாயிக்குக் கிடைக்கும் அடுத்த விலையில் கழிந்துவிடும்.

ரோட்டில் காயவைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதுரை - கன்னியாகுமரி நான்குவழிச் சாலையின் ஓரத்தில், சர்வீஸ் ரோட்டில் மஞ்சளாக விரிந்து கிடப்பதைப் பார்த்து எரிச்சல்படாத வாகன ஓட்டி இல்லை. ராத்திரியில் பைக்கில் வருபவருக்கு அது உண்மையான ஆபத்து. ஆனால் ஊர்க் களம் சின்னது, முறை வருவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். வேறு இடம் இருந்தால் யாரும் லாரிக்கு நடுவே வந்து தானியம் கொட்டப் போவதில்லை.

நிவாரணம், காப்பீடு எல்லாம் இருக்கே?

இருக்கிறது. ஆனால் எதற்கு இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பேரிடர் நிவாரணம் கிடைக்க 33 சதவீதத்துக்கு மேல் பயிர் சேதம் இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் தமிழக அரசு அறிவித்தபடி மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.8,500, நெல் உள்ளிட்ட பாசனப் பயிருக்கு ரூ.17,000. மானாவாரிக் கணக்கை ஏக்கருக்கு மாற்றினால் சுமார் ரூ.3,440. வீரிய ஒட்டு விதையும் உழவு வாடகையும் சேர்த்தாலே அது காலி. அதுவும் பயிர் சேதம் என்று கண்ணுக்குத் தெரிந்தால்தான். நின்ற பயிர் நிற்கிறது, கதிரும் இருக்கிறது, ஆனால் வண்டி இறங்கவில்லை, மணி கறுத்துவிட்டது என்றால் அதைச் சேதப் பட்டியலில் சேர்க்க வைப்பது பெரும்பாடு.

அடுத்து பிரதமரின் பயிர்க் காப்பீடு. உணவு தானியம், பயறு, எண்ணெய்வித்துக்கு விவசாயி கட்டும் பிரீமியம் காரீப்பில் 2 சதவீதம், ராபியில் 1.5 சதவீதம். பருத்தி போன்ற பணப்பயிருக்கு 5 சதவீதம் வரை. இழப்பீடு பொதுவாக தனி வயலைப் பார்த்து வருவதில்லை. கிராமம் அல்லது பிர்க்கா அளவில் சில வயல்களில் மாதிரி அறுவடை செய்து, சராசரி மகசூல் குறைந்தால்தான் அந்தப் பகுதிக்கே வரும். இந்த முறை எடையை அளக்கும். மணியின் நிறத்தை, விலை இறக்கத்தை அளக்காது. 20 குவிண்டால் விளைந்து அத்தனையும் பூஞ்சை பிடித்திருந்தாலும், காகிதத்தில் அது நல்ல மகசூல்!

தனி வயலுக்கு இழப்பீடு தரும் பிரிவுகளும் உண்டு. அதில் ஒன்று அறுவடைக்குப் பிந்தைய இழப்பு. அறுத்த நாளில் இருந்து 14 நாளுக்குள் புயல் மழை, பருவம் தப்பிய மழை, ஆலங்கட்டி மழையால் சேதம் என்றால் கேட்கலாம். 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். இங்கேதான் சிக்கல். அறுத்த பயிர் வயலிலேயே பரப்பியோ சிறு கட்டாகவோ காய்ந்துகொண்டிருக்க வேண்டும் என்பது விதியின் வாசகம். அரிவாளால் அறுத்து அரி அரியாகப் போட்ட காலத்துக்கு அது பொருந்தும். இப்போது வண்டி அறுக்கும்போதே மணியாக்கி டிராலியில் கொட்டிவிடுகிறது. அது களத்துக்கோ ரோட்டுக்கோ போகிறது. அங்கே நனைந்தால் விதியின் வாசகத்துக்குள் அது வராது. ஆள் இல்லாததால் மெஷினுக்கு மாறிய விவசாயி, மெஷினுக்கு மாறியதாலேயே இந்தப் பாதுகாப்புக்கு வெளியே போய்விடுகிறார். கையால் அறுத்துப் பரப்பியவருக்குக் கிடைப்பது இவருக்குக் கிடையாது என்பதை எந்த அதிகாரியும் நியாயம் என்று சொல்ல மாட்டார். ஆனால் வாசகம் அப்படியேதான் இருக்கிறது.

வயலில் தண்ணீர் தேங்கி அழுகும் சேதம் இன்னொரு பிரிவு. நெல்லை இதில் இருந்து 2018-ல் நீக்கியிருந்தார்கள். 2026 காரீப் முதல் நெல்லையும், கூடவே காட்டுவிலங்கு சேதத்தையும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. காட்டுப்பன்றி தொல்லையில் தூக்கம் கெட்ட கரிசல் விவசாயிக்கு இரண்டாவது அறிவிப்பு முக்கியம். மக்காச்சோளத்துக்கு நீர் தேங்கும் சேதத்தில் அந்தத் தடை முன்பே இல்லை. இருந்தாலும் உங்கள் பயிருக்கும் பிர்க்காவுக்கும் மாவட்ட அறிவிக்கையில் எந்தெந்தப் பிரிவு சேர்ந்திருக்கிறது என்பதை பிரீமியம் கட்டும்போதே வேளாண் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சேதத்துக்குப் பிறகு கேட்பது வீண்.

ஆக, வெள்ளத்துக்குக் கணக்கு இருக்கிறது, வறட்சிக்குக் கணக்கு இருக்கிறது. விதைக்கவே முடியாமல் போனால்கூட, அறிவிக்கப்பட்ட பகுதியில் முக்கால் பங்கு நிலம் விதைக்கப்படாமல் கிடந்தால், காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் உண்டு. விளைந்ததை எடுக்க முடியாமல் போனதற்கு மட்டும் கணக்கு இல்லை. பெய்தும் கெடுக்கும், காய்ந்தும் கெடுக்கும் என்று சொல்லும் ஊரில், இப்போது தள்ளிப்போட்டும் கெடுக்கிறது.

அப்போ என்னதான் வழி?

முதலில் தண்ணீர். மக்காச்சோள வயலில் நடுவிலும் ஓரத்திலும் வடிகால் வாய்க்கால் எடுத்து, கண்மாய் அல்லது ஓடை பக்கம் வாட்டம் கொடுத்திருந்தால் மண் ரெண்டு மூணு நாள் முன்னதாகவே காயும். இதை விதைக்கும்போதே செய்ய வேண்டும், மார்கழியில் மண்வெட்டி எடுத்துப் பலனில்லை. அகலப் பாத்தியும் பக்கத்தில் சாலும் என்ற முறையில் விதைப்பது கரிசலுக்கு நன்கு ஒத்துவரும். வறட்சியில் சால் தண்ணீரைப் பிடிக்கும், மழையில் அதே சால் தண்ணீரை வெளியேற்றும். அருப்புக்கோட்டையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. மானாவாரிக்கு என்றே வேலை செய்யும் இடங்கள் அவை, போய்க் கேட்கலாம்.

அடுத்து, அக்கம்பக்கத்தில் பேசி வைத்துக்கொள்வது. ஒரு ஊரில் எல்லாரும் ஒரே வாரத்தில் ஒரே ரகத்தை விதைத்தால் எல்லாருக்கும் ஒரே நாளில் வண்டி வேண்டும். மழை பார்த்து விதைக்கிற மானாவாரியில் இதைத் தவிர்ப்பது கஷ்டம்தான். குறைந்தபட்சம் குறுகிய வயது ரகம் கொஞ்சம், நீண்ட வயது ரகம் கொஞ்சம் என்று பிரித்தால் பத்து நாள் இடைவெளி கிடைக்கும். இல்லையென்றால் வண்டிக்காரர் வைத்ததுதான் வாடகை.

வாடகை என்றதும், வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டர், அறுவடை வண்டிகளை உழவன் செயலியில் பதிவு செய்து எடுக்கலாம். டிராக்டருக்கு மணிக்கு ரூ.500 என்பது துறை அறிவித்த வாடகை. வெளியே கேட்பதைவிடக் குறைவு. ஆனால் ஒரு மாவட்டத்துக்கு அவர்களிடம் இருக்கும் வண்டிகள் மழை வாரத்தில் எந்த மூலைக்குப் போதும்? கூட்டுறவுச் சங்கங்களிலும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிலும் மானியத்தில் இயந்திர வாடகை மையங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் பல ரோட்டவேட்டரும் கொத்துக் கலப்பையும்தான் வைத்திருக்கின்றன. உழவுக்குத்தான் எல்லா இடத்திலும் வண்டி கிடைக்கிறதே. பற்றாக்குறை அறுவடையிலும் உலர்த்துவதிலும்தான்.

உண்மையில் இந்த மாவட்டத்துக்கு மிகவும் தேவை உலர்த்தும் வசதி. அமெரிக்காவின் மக்காச்சோள மாநிலங்களில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும்போதே அறுத்து, பண்ணையிலேயே எரிவாயு டிரையரில் காயவைத்துவிடுவார்கள். அவர்கள் வெயிலுக்குக் காத்திருப்பதில்லை. 2019-ல் அங்கேயும் மழை கெடுத்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் டிரையரை ஓட்ட, எரிவாயுத் தட்டுப்பாடு வந்து தவித்தார்கள். அதனால் அது மந்திரக்கோல் இல்லை. நம்மூரில் ரெண்டு ஏக்கர் விவசாயி தனியாக டிரையர் வாங்கவும் முடியாது. ஆனால் ஒரு பிர்க்காவுக்கு ஒன்று, ஒழுங்குமுறை விற்பனைக்கூட வளாகத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு வைத்தால்? அந்தக் கூடங்களில் சரக்கை இருப்பு வைத்து, மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் காய்ந்த சரக்கைத்தான் அடுக்க முடியும். ஈரச் சரக்கோடு நிற்கும் விவசாயிக்குக் கடன்தான் அவசரம், அவருக்குத்தான் அந்தக் கதவு மூடியிருக்கிறது. நடுவில் ஒரு டிரையர் இருந்தால் கதவு திறக்கும்.

விருதுநகர், 2018-ல் நிதி ஆயோக் தேர்ந்தெடுத்த முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்று. வேளாண்மை அந்தத் திட்டத்தின் அளவுகோல்களில் உண்டு. விதை, மண் அட்டை, காப்பீடு எல்லாம் எண்ணப்படுகின்றன. அறுவடைக்கும் விற்பனைக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பதினைந்து நாளை எண்ண ஆரம்பித்தால் எங்கே எத்தனை டிரையர், எத்தனை களம் தேவை என்பது தானாகத் தெரியும்.

இப்போதைக்கு கையில் இருக்கும் ஆயுதம் செல்போன். மழை சேதம் என்றால் 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணிலோ பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ தகவல் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சேதத்தைப் படம் எடுக்கும்போது இடமும் தேதியும் பதிவாகும் வசதியை ஆன் செய்து எடுங்கள். தண்ணீர் நிற்கும் வயல், சேற்றில் மாட்டிய வண்டி, முளைவிட்ட கதிர் எல்லாம் தனித்தனியாக. பக்கத்து வயல்காரர்களையும் பதியச் சொல்லுங்கள். ஒரு பிர்க்காவில் பத்து பேர் பதிந்தால் அது புகார், நூறு பேர் பதிந்தால் ஆய்வுக்கு ஆள் வரும். குத்தகைக்கு ஓட்டுபவர்கள் அடங்கல் சான்றை விதைத்த கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கி வையுங்கள். வண்டி வாடகை ரசீதையும் தூக்கிப் போடாதீங்க. வண்டி எந்தத் தேதிக்குப் பேசி எந்தத் தேதியில் வந்தது என்று அதில் எழுதி வாங்குங்கள். தாமதத்துக்கு என்று இன்றைக்கு எந்த விண்ணப்பத்திலும் ஒரு கட்டம் கிடையாது. மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் முன்னால் அதைக் கேட்கப் போகும்போது, கையில் காட்ட இருக்கப்போவது அந்தத் துண்டுச் சீட்டுதான்.